பேசி முடித்த பிறகும் உடம்பு பதறுகிறதே, என்ன செய்வது?

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் சாலை விபத்தில் சிக்கினேன். காயங்கள் ஆறிவிட்டன. எட்டு மாதம் கவுன்சிலிங் போனதில், நடந்ததை அழாமல் சொல்ல முடிகிறது. ஆனால் பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டால் தோள் தூக்கிக்கொள்கிறது, தாடை இறுகுகிறது, நெஞ்சு அடைக்கிறது. இதயப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது. உடலை மையமாகக் கொண்ட உளசிகிச்சையை நண்பர் சொல்கிறார். பயன் தருமா? தொட்டு ஏதாவது செய்வார்களா? பதற்றத்துக்குச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரமானது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். பதற்றத்துக்கான சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் பதற்றம் கூடும், வலிப்புகூட வரலாம். குறைப்பதாக இருந்தால், எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான். இதயத்தை முதலில் பார்த்துக்கொண்டீர்களே, அது மிகச் சரி.

விபத்து முடிந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஹாரன் கேட்டதும் தூக்கிக்கொள்கிற தோள் அந்த அறிவுக்காகக் காத்திருப்பதில்லை. யோசிப்பதற்கு முன்பே தற்காப்பு வேலை தொடங்கிவிடுகிறது. அப்புறம் இறுகிய தசையும் படபடக்கிற நெஞ்சும் “இன்னும் ஆபத்து” என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நெஞ்சையும் வயிற்றையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மூளைக்கு உடம்பு சொல்வது அவ்வளவு இருக்கிறது.

இந்த எண்ணம் பழையது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டிடம் பயின்ற வில்ஹெல்ம் ரைக், அடக்கிய உணர்ச்சி தசை இறுக்கமாகத் தங்குவதைப் பற்றி 1930களிலேயே எழுதினார். அவருடைய பிற்காலக் கோட்பாடுகள் அறிவியலில் நிற்கவில்லை. இன்று இத்துறையில் அதிகம் கேள்விப்படுவது பீட்டர் லெவின், பேட் ஆக்டன் போன்ற அமெரிக்க உளசிகிச்சையாளர்கள் உருவாக்கிய முறைகள்.

அறைக்குள் நடப்பது பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். நீங்கள் பேசுவீர்கள். “ஹாரன்” என்று சொன்னதும் உங்கள் மூச்சு நின்றதைச் சிகிச்சையாளர் கவனித்துவிட்டு, “இப்போது நெஞ்சில் என்ன நடக்கிறது?” என்று கேட்பார். விளக்கம் வேண்டாம், கனமா, சூடா, எந்த இடம், எவ்வளவு பெரிது என்று சொன்னால் போதும். சற்று நேரத்தில் கவனத்தை உடம்பில் நிம்மதியாக உள்ள இடத்துக்கு, தரையில் பதிந்த பாதத்துக்கோ நாற்காலி தாங்குகிற முதுகுக்கோ, கொண்டுபோவார். மறுபடி நெஞ்சு, மறுபடி பாதம். தோள் தூக்கிக்கொண்டால், அதை அடக்காமல் மெதுவாக முழுவதும் தூக்கி, மெதுவாக இறக்கச் சொல்லலாம். விபத்து நடந்த கணத்தில் உடம்பு செய்ய நினைத்து முடிக்காமல் விட்ட அசைவு சில சமயம் அங்கே வெளிப்படும். மெதுவாகப் போவதுதான் இதன் உயிர். கத்தி, அழுது எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டவைக்கிறவரிடம் போகாதீர்கள்.

தொடுதலுக்கு வருவோம். பல சிகிச்சையாளர்கள் தொடுவதே இல்லை. தொடுகிற முறை என்றால், ஒவ்வொரு முறையும் எங்கே, எதற்கு என்று சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அதோடு சரி, காரணம் சொல்லத் தேவையில்லை. ஆடையைக் களையச் சொன்னாலோ, அந்தரங்கமாகத் தொட்டாலோ, என்ன விளக்கம் கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், புகார் செய்யுங்கள்.

பயன் தருமா? லெவினின் முறையை 63 பேரிடம் சோதித்த ஆய்வு 2017இல் வந்தது. சிகிச்சைக்காக இன்னும் காத்திருந்தவர்களைவிட, உடனே சிகிச்சை பெற்றவர்களுக்கு அதிர்ச்சியின் பின்விளைவுகள் நன்றாகக் குறைந்தன. ஊக்கம் தருகிறது, ஆனால் சிறிய ஆய்வு. 2016இல் பிரிட்டனில் மனச்சிதைவு நோயாளிகள் 275 பேரிடம் நடந்த ஆய்வில், உடல்சார் உளசிகிச்சை பிலாட்டிஸ் உடற்பயிற்சியைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. ஆக, எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விபத்துக்குப் பிந்தைய பாதிப்புக்கு, அதிர்ச்சியைச் சுற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும், அதிர்ச்சி நினைவை மனதில் வைத்தபடி கண்களை இடம்வலமாக அசைக்கச் சொல்கிற ஈ.எம்.டி.ஆர். முறைக்கும் இதைவிட வலுவான ஆதாரம் இருக்கிறது. அந்த எட்டு மாதத்தில் இவற்றில் ஒன்றாவது நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். நடக்கவில்லை என்றால், அங்கிருந்து தொடங்குவதையே நான் விரும்புவேன். ஈ.எம்.டி.ஆரிலேயே தலை முதல் கால் வரை உடம்பைக் கவனிக்கிற ஒரு கட்டம் உண்டு. இந்த முறைகளில் ஒன்றிலும் உடல்சார் சிகிச்சையிலும் சேர்த்துப் பயிற்சி உள்ளவர் கிடைத்தால் இன்னும் நல்லது. முறையான உளவியல் அல்லது மனநல மருத்துவத் தகுதி முதலில் இருக்க வேண்டும். உடல்சார் பயிற்சி அதற்கு மேல்தான்.

“உங்கள் தாடையில் மறந்துபோன பழைய சம்பவம் ஒளிந்திருக்கிறது” என்று சொல்கிறவரைக் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். தசை இறுக்கத்தை வைத்து நடந்ததைக் கண்டுபிடிக்க முடியாது; இப்படித் தூண்டித் தூண்டி நடக்காததை நடந்ததாக நம்பவைத்துவிட முடியும்.

அதுவரை, ஹாரன் கேட்டு உடம்பு பதறினால், நின்று, தலையை மெதுவாகத் திருப்பிச் சுற்றிலும் பாருங்கள். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். மூச்சை இழுப்பதைவிட நீளமாக விடுங்கள். மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கூட்டினால் அதை விட்டுவிட்டு, கண்ணில் படுகிற பொருட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். விபத்து மறுபடி நடப்பதுபோல் இருந்தாலோ, வாழ வேண்டாம் என்று தோன்றினாலோ, இந்தப் பயிற்சியோடு நிறுத்தாமல் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.