பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைக் கரும்புச் சாற்றில் எடுக்க 2023இல் மத்திய அரசு தடை போட்டபோது விவசாயிகள் ஏன் கொதித்தார்கள்? ஆலைக்குத்தானே நஷ்டம்?

ஆலைக்கு வரும் பணம் எப்போது வருகிறது என்பதுதான் எங்களுக்குப் பிரச்சினை.

எங்கள் வீட்டில் விழுப்புரம் பக்கம் கரும்பு போடுகிறோம். கரும்பு அனுப்பி 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்கிறது 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. நடப்பது வேறு. நிலுவை மாதக்கணக்கில் நிற்கும். வெட்டு ஆட்களுக்கு மட்டும் கூலியை உடனே எண்ணிக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் மேஸ்திரி அடுத்த கொல்லைக்கு ஆளை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ஆலையில் கேட்டால் "சர்க்கரை இன்னும் விற்கலைங்க" என்பார்கள். அதுவும் பொய் இல்லை. ஓர் ஆலை மாதம் எவ்வளவு சர்க்கரை விற்கலாம் என்பதை மத்திய அரசுதான் தீர்மானிக்கிறது. ஒரு பருவத்துச் சரக்கு தீர வருஷம் ஆகிவிடும். எத்தனாலுக்கோ எண்ணெய் நிறுவனங்கள் சுமார் மூன்று வாரத்தில் பணம் போட்டுவிடுகின்றன. அதனால்தான் எத்தனால் என்றதும் விவசாயிக்குப் பாக்கி வசூலாகும் நம்பிக்கை வந்தது.

சரி, தடைக்கு வருவோம். மழை குறைந்து சர்க்கரை விலை ஏறிவிடுமோ என்ற கவலையில், 2023 டிசம்பர் 7 அன்று சாற்றில் எத்தனால் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. எட்டே நாளில், 17 லட்சம் டன் சர்க்கரைக்கு ஈடான அளவு வரை எடுக்கலாம் என்று மாற்றினார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில், நவம்பரில் தொடங்கும் எத்தனால் ஆண்டுக்குத் தடையே இல்லை என்றார்கள். மகாராஷ்டிரம், கர்நாடகம், உத்தரப் பிரதேசம் பக்கம்தான் நேரடி அடி. ஆனால் எங்கே என்றாலும் கரும்பு ஒன்றுதான்: கரணை ஊன்றி வெட்ட பத்துப் பன்னிரண்டு மாதமாவது ஆகும், அப்புறம் வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கும் மறுதாம்பு. அரைவை ஓடிக்கொண்டிருக்கும்போது விதியை மாற்றினால், வெட்டுக்கு நிற்கும் கரும்பை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்ய முடியும்?

இன்னொரு மனக்குறை இதைவிடப் பழையது. எங்களுக்கான விலை சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது கரும்பிலிருந்து எத்தனை சதவீதம் சர்க்கரை கிடைக்கிறது என்பதை வைத்து வருகிறது. எத்தனால் வருமானம் அந்தக் கணக்கில் நேரடியாக ஏறுவதில்லை. சர்க்கரையும் உபபொருட்களும் சேர்ந்த மதிப்பில் 70 சதவீதம் விவசாயிக்கு என்று மத்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு 2012லேயே சொல்லிவிட்டது. தடை வருவதற்குச் சில வாரம் முன்புதான், முந்தைய பருவத்துக் கரும்புக்கு டன்னுக்கு 400 ரூபாய் கூடுதலாகக் கேட்டு மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் விவசாயிகள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அந்தக் கோபம் ஆறும் முன்பே இந்த உத்தரவு வந்து விழுந்தது.

ஆலைகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2022-23க்கும் 2024-25க்கும் இடையில் ஆலைகள் தர வேண்டும் என்று மத்திய அரசு வைக்கும் கரும்பு விலை டன்னுக்கு 3,050இலிருந்து 3,400 ஆனது. சாற்று எத்தனால் விலை லிட்டருக்கு 65.61 ரூபாயிலேயே நின்றது. மக்காச்சோள எத்தனாலுக்கு 71.86 வரை கொடுத்தார்கள். மக்காச்சோளம் போட்டவருக்கு நல்லதுதான், ஆனால் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவன விலையைப் பார்த்துத் திணறினார்கள். அவர்களும் விவசாயிகள்தானே.

எத்தனாலே வேண்டாம் என்றோ, சர்க்கரை விலை எவ்வளவு ஏறினாலும் கவலையில்லை என்றோ எங்கள் ஊரில் யாரும் சொல்லவில்லை. ஆலையில் கரும்பைப் பதிவு செய்து கையெழுத்துப் போடும்போதே, அது வெட்டுக்கு வரும் பருவத்தில் சாற்றில் எத்தனால் எவ்வளவு எடுக்கலாம், என்ன விலை, அதில் எங்கள் பங்கு எவ்வளவு என்பதை அரசு சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் கரும்பா, நெல்லா, உளுந்தா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.