பழைய சமையலறை அலமாரிக் கதவுகளை மாற்றுவதா, வர்ணம் அடிப்பதா?

பாளையங்கோட்டையில் இருபத்தைந்து ஆண்டு பழைய வீடு என்றும், சமையலறை அலமாரிகள் நிறம் மங்கிப் பிசுக்கேறிவிட்டன என்றும், எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு மாடுலர் சமையலறை அமைப்பதா அல்லது ஆள் வைத்து வர்ணம் அடிப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்து வீடு என்பதால், மேடைக்குக் கீழே கடப்பைக்கல் தட்டுகளும் அவற்றுக்கு முன்னால் சட்டம் பதித்து மாட்டிய மரக்கதவுகளும்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். மரம் உறுதியாக இருந்தால் மாற்ற வேண்டாம். வேலை தெரிந்தவரிடம் கொடுத்து வர்ணம் அடியுங்கள். நான் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். பெயிண்டர் தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே கதவுகளுக்கு இரண்டு முறை வர்ணம் அடித்து, முதல் முறை பணத்தை இழந்து, இரண்டாம் முறை நல்ல வேலை வாய்க்கப் பெற்றவள்.

எங்கள் வீடு பெருமாள்புரத்தில் 1994-இல் கட்டியது. என் மாமனார் செங்கோட்டைக்குப் போய்த் தேக்கு எடுத்து வந்தார். ஆசாரி எங்கள் வீட்டு முற்றத்திலேயே பட்டறை போட்டுப் பதினான்கு கதவுகளைச் செய்து முடித்தார். 2021-இல் முதல்முறையாக அவற்றுக்கு ஓர் ஆளை வைத்து வெள்ளை எனாமல் அடித்தோம். அவர் கதவுகளைக் கழற்றவில்லை. துணியால் துடைத்து, உப்புத்தாளைப் பேருக்கு ஓட்டி, இரண்டே நாளில் அடித்து முடித்தார். பளபளவென்றுதான் இருந்தது. ஆறு மாதத்துக்குள் அடுப்புக்கு மேலிருந்த கதவில் நகம் பட்டதும் வெங்காயத் தோல் போல வர்ணம் உரிந்து வந்தது. எங்கள் வீட்டில் பலகாரம் சுடுவதெல்லாம் கடலை எண்ணெயில்தான். இருபத்தேழு ஆண்டு எண்ணெய்ப் புகை அந்தக் கதவுகளில் படிந்து, காற்றுப் பட்டு இறுகி, பிசின் போல ஒட்டிக்கிடந்திருக்கிறது. அதன்மேல் அடித்த வர்ணம் எண்ணெயைப் பிடித்துக்கொண்டதே தவிர மரத்தைப் பிடிக்கவில்லை. போதாததற்குக் கதவுகளின் உட்பக்கம் மஞ்சளாகிவிட்டது. எண்ணெய் சேர்ந்த எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளிப்பது அதன் இயல்பு. பாடம் நடத்திய எனக்கே அது அப்போது நினைவுக்கு வராதது இன்றும் வருத்தம்தான்.

அதற்குப் பிறகுதான் மாடுலர் சமையலறை செய்து தரும் ஒரு நிறுவனத்தின் ஆளை வரச் சொன்னோம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வந்தவர் ஒரு கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. கடப்பைக்கல் தட்டுகளை உடைத்தெடுக்க வேண்டும், கதவுகளை நாங்களே இலவசமாக அப்புறப்படுத்திவிடுகிறோம் என்று பெரிய உதவி செய்வது போலச் சொன்னார். உரிந்த வர்ணத்துக்கு அடியில் இருப்பது முதிர்ந்த தேக்கு என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதற்குப் பதிலாக அவர் தருவதாகச் சொன்னதோ மேலே தாள் ஒட்டிய பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்த பலகை. மாடுலர் சமையலறையே கூடாது என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மதினி வீட்டில் நல்ல ப்ளைவுட்டில் செய்தது அழகாகவும் வசதியாகவும் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு மரத்தின் அருமை தெரியாது என்று நினைத்து விலை பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் 2024 பங்குனியில் பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெயிண்டர் அண்ணாச்சி வந்தார். அடுப்பையொட்டிய கதவில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தார். அது பரவாமல் முத்துப் போல நின்றது. “டீச்சர், மொதல்ல இந்த எண்ணெய எறக்கணும். எண்ணெய் மேல எத அடிச்சாலும் நிக்காது” என்றார். உப்புத்தாளை முதலில் போட்டால் தேய்க்கத் தேய்க்க எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிடும் என்பதால், சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, நல்ல தண்ணீரால் துடைத்து, காயவைத்த பிறகுதான் மற்ற வேலை எதையும் தொட்டார்.

கதவுகளைக் கழற்றியபோது எண் எழுதுவதற்காகப் பென்சிலை எடுத்தவர் எழுதாமல் என்னைக் கூப்பிட்டார். கீல் பதிந்திருந்த குழிக்குள், வர்ணம் எட்டாத இடத்தில், உளியால் கீறிய சிறு கோடுகள் இருந்தன: முதல் கதவில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, இப்படியே வரிசையாக. எங்கள் ஆசாரி முப்பது ஆண்டுக்கு முன்பு போட்ட அடையாளம். அந்தக் கணக்கின்படியே கதவுகள் பட்டறைக்குப் போய்த் திரும்பி வந்து, சட்டத்தில் இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தன.

பட்டறையில் பழைய வர்ணத்தை, அதை இளக்கும் ரிமூவர் தடவிச் சுரண்டி எடுத்தார். உலர்வாகத் தேய்த்துப் பொடியாக்க வேண்டாம் என்று நான்தான் வற்புறுத்தினேன். வீட்டு வர்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் வெளியாகி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் எனாமல் 2021-இல் அடித்ததுதான் என்றாலும், உங்கள் பழைய வீட்டில் இருப்பது அந்த விதிக்கு முந்தைய எனாமல் என்றால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உங்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் பறக்கவே கூடாது. பிறகு தேக்கிலேயே இயல்பாக ஊறும் எண்ணெயைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, தாமதிக்காமல் பிரைமர் அடித்து, கீறல்களிலும் பழைய திருகாணித் துளைகளிலும் பட்டி வைத்து, 180, 220, 320 என்று எண் கூடக்கூட நயமாகும் உப்புத்தாள்களை வரிசையாகப் போட்டு இழைத்து, அதற்குப் பிறகே பி.யு. (பாலியூரித்தேன்) வர்ணத்தை ஸ்பிரே கன்னால் இரண்டு கோட் அடித்தார். அந்த வர்ணம் இறுகுவதற்காகச் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். என் கணவருக்கு இழுப்பு உண்டு என்பதால் ஸ்பிரே வேலை முழுவதும் பட்டறையிலேயே நடந்தது. வீட்டிலிருந்த சட்டங்களுக்கு மட்டும் தண்ணீரில் கரையும் எனாமலை அதே நிறத்தில் கலந்து கையால் அடித்தார். மொத்தம் பன்னிரண்டு நாள். செலவு, மாடுலர் ஆள் கேட்டதில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தென்காசிப் பக்கம் என்றால் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியும் ஆகாது. ஈரக் காற்றில் வர்ணம் சரியாகக் காயாது, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) வகையாக இருந்தால் வெளுத்துப் பூத்துவிடும்.

மாற்றியே தீர வேண்டிய நிலையும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறையில் எங்கள் உறவினர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, பார்ட்டிக்கிள் போர்டு அலமாரிகள் ஊறிய ரொட்டி போல உப்பிவிட்டன. அதை எந்த வர்ணமும் நிமிர்த்தாது. கறையான் அரித்த சட்டமும் அப்படித்தான். கதவின் அடி விளிம்பில் விரலால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று ஒலித்தால் ஆசாரியைக் கூப்பிடுங்கள். உங்கள் கதவுகள் சன்மைக்கா ஒட்டியவையாக இருந்தால், வழவழப்புப் போகத் தேய்த்து, அதற்கென்றே உள்ள பிரைமர் அடிப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாராக இருந்தாலும், கதவைக் கழற்றாமலே அடித்துத் தருகிறேன் என்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கைப்பிடிகளை மாற்றும் எண்ணம் இருந்தால் பட்டி வைப்பதற்கு முன்பே புதிய கைப்பிடியை வாங்கிப் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள். நான் தாமதமாகச் சொன்னதால், முடித்த கதவில் துளை போட வேண்டியதாகி, ஏழாவது கதவில் மட்டும் துளையைச் சுற்றி வர்ணம் சிறிது சில்லாகப் பெயர்ந்துபோயிருக்கிறது.