நச்சியலில் மேற்படிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: மகள் டர்பனில் பி.எஸ்ஸி. வேதியியல் முடிக்கப் போகிறாள். நஞ்சுகளைப் பற்றிய நச்சியல்தான் படிப்பேன் என்கிறாள். எந்தத் துறையில் சேர்ப்பது?
(சாட்ஸ்வொர்த் வாசகி)

ப: 'நச்சியல் துறை' என்ற பெயர்ப்பலகையைத் தேடி அலையாதீர்கள் அம்மா. தென்னாப்பிரிக்காவில் அந்தப் பாடம் மருத்துவம், கால்நடை, விலங்கியல், பொதுச் சுகாதாரம் என்று சிதறிக் கிடக்கிறது. எந்த நஞ்சு, யாருக்கு என்று மகளிடமே கேளுங்கள். மாட்டைக் கொல்லும் செடி என்றால் பிரிட்டோரியா பல்கலையின் கால்நடை மருத்துவப் புலம். ஆற்று மீன் என்றால் பொட்செஃப்ஸ்ட்ரூமில் உள்ள வடமேற்குப் பல்கலை. பூச்சிமருந்தும் அதற்கான சட்டமும் என்றால் கேப் டவுன் பல்கலை. நம் டர்பனின் மெரிபேங்க் பகுதிப் பிள்ளைகளின் இழுப்பும் (ஆஸ்துமா) ஆலைப் புகையும் என்றால் ஊரை விட்டே போக வேண்டாம். குவாசுலு-நட்டால் பல்கலையில் அந்த ஆய்வு ஏற்கெனவே நடந்திருக்கிறது. மூன்று வருட பி.எஸ்ஸி.க்குப் பின் ஆனர்ஸ் என்ற சிறப்புப் பட்டம் ஒரு வருடம், அதன் பிறகே எம்.எஸ்ஸி.

கே: எனக்கு இரண்டு வழிகாட்டிகள், இரண்டு துறை. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பிடிப்பதில்லை. ஒருவரை விட்டுவிடலாமா?
(எம்.எஸ்ஸி. மாணவர், ஃபீனிக்ஸ்)

ப: விடாதீர்கள் தம்பி. நம் நாட்டின் கிழக்கு கேப்பிலுள்ள டிரான்ஸ்கை பகுதியின் மக்காச்சோளத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஏன் இத்தனை அதிகம் என்பது மருத்துவர்களின் கேள்வி. அந்த மக்காச்சோளத்தில் வளர்ந்த பூஞ்சையைப் பின்தொடர்ந்தவர்கள் மராசாஸ் போன்ற தாவரநோய் ஆய்வாளர்கள். அதே பூஞ்சை குதிரைகளின் மூளையைச் சிதைத்துத் தள்ளாட வைத்துக் கொல்கிறது என்பது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரியும். 1988இல் கேப் டவுன் அருகே டைகர்பெர்க்கில் அந்தப் பூஞ்சையிலிருந்து ஃபுமோனிசின் என்ற நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்த பிறகே இவை ஒன்றோடொன்று சேர்ந்தன. அப்படியும் மனிதப் புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்று தீர்ப்பாகவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமைப் பட்டியலில் இன்றும் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில்தான் இருக்கிறது. தனியாக எந்தத் துறையும் அவ்வளவு தூரம் போயிருக்காது.

உங்கள் சண்டைக்கு மருந்து: எந்த அத்தியாயத்தை யார் திருத்துவது, மாதிரிப் பரிசோதனைச் செலவு யார் கணக்கில் என்று ஒரே பக்கத்தில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பாதிப் பிணக்கு அந்தச் செலவில்தான் தொடங்குகிறது.

கே: டோங்காட்டில் மருந்தாளுநர், வயது 41. இனிமேல் முடியுமா?

ப: முடியும். உங்கள் பி.ஃபார்ம். நான்கு வருடப் படிப்பு, ஆனர்ஸ் இல்லாமலே முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். என்.ஆர்.எஃப். (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு. அதை நம்பி வேலையை விடாதீர்கள். பகுதிநேரம் போதும்.

கே: நாங்கள் சுத்த சைவம். எலியைக் கொல்லாமல் படிக்க வழியுண்டா?

ப: செல் வளர்ப்பு, பாக்டீரியாச் சோதனை, கணினி மாதிரி என்று நிறைய உண்டு. ஆனால் தண்ணீர் நஞ்சுப் பக்கம் போனால் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு வரும். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகளை ஐந்து ஐந்தாகக் குவளைகளில் விட்டு, 48 மணி நேரம் கழித்து மெல்ல அசைப்பார்கள். 15 விநாடிக்குள் நீந்தாதவை நஞ்சால் முடங்கியவை என்று கணக்கில் ஏறும். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்தாலும் உயிர் உயிர்தான். வீட்டில் பேசிவிட்டுச் சேருங்கள்.

கே: சந்தையில் பொட்டலமாக விற்கும் எலிமருந்தை வாங்கிப் பரிசோதித்து ஆய்வு செய்யலாமா?

ப: தலைப்பு அருமை, அவசரம் கூடாது. 2024இல் சொவெட்டோவில் ஆறு குழந்தைகள் இறந்தது இப்படி எலிமருந்தாக விற்கப்படும் டெர்புஃபாஸால். அது வயலுக்கான பூச்சிமருந்து, ஆர்கனோபாஸ்பேட் வகை. நரம்புச் செய்தியை நிறுத்தும் நொதியை முடக்கி, மூச்சை அடைக்கும். 2025 ஜூனில் அமைச்சரவை அதைத் தடை செய்ய ஒப்புதல் தந்தது. தடை வந்தால் பொட்டலம் மறையுமா, வேறு பெயரில் வருமா என்பதுதான் நல்ல ஆய்வுக் கேள்வி. அதற்கு விற்பவரிடம் பேசத் தெரிந்த சமூகவியலாளரும் கூட வேண்டும். பல்கலையின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு பொட்டலம்கூட வாங்காதீர்கள், பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது.