பழைய வைஃபை டாங்கிள், புது கம்ப்யூட்டர்: கேட்டீர்கள், சொல்கிறேன்

தர்மபுரி நாலு ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சமாச்சாரம்தான்: பழைய யூஎஸ்பி டாங்கிளை (கம்ப்யூட்டரில் சொருகினால் வைஃபை தரும் குட்டிக் கருவி) விண்டோஸ் 11-ல் எப்படி ஓட வைப்பது? கேட்டவர் ஊரைப் போட்டு, கீழே பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு: அண்ணா, டாங்கிளோடு வந்த குட்டி சிடியைப் போட புது லேப்டாப்பில் இடமே இல்லையே?

இருந்தாலும் போட வேண்டாம் தம்பி. அது எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்துச் சரக்கு. முதலில் சும்மா சொருகிவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். தானாக வரவில்லையா, போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், நெட் கிடைத்துவிடும். அப்புறம் விண்டோஸ் அப்டேட்டில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள்.

அரூர்: மாடல் பெயரைத் தேடினால் நாலு டிரைவர் (டாங்கிளை ஓட வைக்கும் சாஃப்ட்வேர்) வருகிறது. எதைப் போடுவது சார்?

மாடல் பெயரை நம்பவே கூடாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்று ஒரு டாங்கிள். முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப், இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப். மேலே ஒரே பெயர், உள்ளே வேறு ஆள்!

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். மஞ்சள் முக்கோணம் இருக்கிற வரியில் ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடிஸ். விஐடி (VID) என்பதற்குப் பின்னால் வரும் நாலு எழுத்து கம்பெனி, பிஐடி (PID) என்பதற்குப் பின்னால் வருவது சாதனம். 0பிடிஏ (0BDA) என்றால் ரியல்டெக், 148எஃப் (148F) என்றால் ராலிங்க். கடைக்கு வந்த ஒரு டாங்கிளில் எழுத்தெல்லாம் தேய்ந்து வெறும் கறுப்புக் கட்டையாக இருந்தது. ஐடியில் 148எஃப், 5370. ராலிங்க் ஆர்டி5370 என்று தெரிந்த பிறகு பத்து நிமிட வேலை.

காவேரிப்பட்டணம்: செட்டப்பை ஓட்டினால் இந்த விண்டோஸுக்கு ஒத்துவராது என்கிறது.

32 பிட் டிரைவரா பாருங்கள் அக்கா. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட், அதனால் அது ஏறவே ஏறாது. 64 பிட் என்றால் நம்பிக்கை உண்டு. பல சமயம் முரண்டு பிடிப்பது டிரைவர் இல்லை, செட்டப் புரோகிராம்தான். டிரைவர் ஜிப் ஃபைலைப் பிரித்து, ஐஎன்எஃப் (.inf) ஃபைல் இருக்கும் ஃபோல்டரைக் கண்டுபிடியுங்கள். டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர் என்று போய் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். விண்டோஸ் 10 டிரைவர் இருந்தால் அதையே முதலில் முயலுங்கள்.

ஓசூர்: சொருகினால் சிடி டிரைவ் என்று காட்டுகிறது!

பயப்படாதீர்கள், சில டாங்கிள்கள் டிரைவரை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும். அதை நிறுவிவிட்டு, அந்த டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள். வைஃபையாக மாறிவிடும்.

பென்னாகரம்: மெமரி இன்டெக்ரிட்டியை (விண்டோஸின் ஒரு பாதுகாப்பு வசதி) ஆஃப் செய்தால்தான் டிரைவர் ஓடும்போல. செய்யலாமா?

நான் செய்ய மாட்டேன். பேங்க் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் என்றால் நீங்களும் செய்யாதீர்கள். அதற்குப் புது டாங்கிளே வாங்கிவிடலாம்.

கிருஷ்ணகிரி: டிரைவர் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, எங்கள் வீட்டுது தெரியவில்லை.

உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிறதா பாருங்கள். பழைய டாங்கிள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டர் செட்டிங்கில் 2.4-ஐ ஆன் செய்யுங்கள்.

ஊத்தங்கரை: விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டால்?

மேலே சொன்ன ஏஆர்9271, ஆர்டி5370 இரண்டுக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. சொருகுங்கள், பாஸ்வேர்டு போடுங்கள், அவ்வளவுதான்.