வயிறு உப்பிச் சாகும் குஞ்சுகளும் ‘சத்தில்லாத’ மஞ்சக்கருவும்

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 70 முட்டை பிடிக்கும் இன்குபேட்டரில் நாட்டுக்கோழி முட்டை வைத்ததில் 41 குஞ்சு பொரித்தது. மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் 13 செத்துவிட்டன. எல்லாவற்றுக்கும் வயிறு உப்பி, தொப்புள் கறுத்திருந்தது. ஐந்தாம் நாள் செத்ததை அறுத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சக்கரு கரையாமல் பழுப்பாகக் கிடந்தது, நாற்றம் தாங்கவில்லை. முட்டை கொடுத்த ஏவாரி, “தாய்க்கோழிக்குத் தீனி பத்தல, மஞ்சக்கருவுல புரதம் இல்ல” என்று 380 ரூபாய்க்கு ஒரு டானிக் கொடுத்தார். முட்டையை நன்றாகக் கழுவித்தான் வைத்தேன். தண்ணீர்த் தட்டு ஒருநாளும் வற்றியதில்லை. மஞ்சக்கரு கரையட்டும் என்று அவர் சொன்னபடி குஞ்சுக்கு இரண்டு நாள் தீனியும் வைக்கவில்லை. பிழை எங்கே?

பதில்: முதலில் அந்த டானிக்கைத் திருப்பிக் கொடுங்கள். மூடி திறந்திருந்தால் வாங்க மாட்டார். அது போகட்டும், அடுத்த குப்பியாவது மிச்சம். உங்கள் குஞ்சுகளைக் கொன்றது சத்துக் குறைவல்ல, மஞ்சக்கருவுக்குள் புகுந்த கிருமி.

மஞ்சக்கருவில் புரதம் இல்லையென்றால் குஞ்சு 21 நாள் வளர்ந்து ஓட்டை உடைத்திருக்காது. மஞ்சக்கருப் புரதங்களைக் கோழியின் ஈரல்தான் செய்து இரத்தத்தில் அனுப்புகிறது. தீனி குறைந்தால் கோழி முட்டையின் எண்ணிக்கையைக் குறைக்கும், அளவைக் குறைக்கும். மஞ்சக்கருவில் புரதத்தின் பங்கை லேசில் மாற்றாது. எந்த முட்டையானாலும் மஞ்சக்கருவில் பாதி தண்ணீர், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, ஆறில் ஒரு பங்கு புரதம். ஏவாரி சொன்னது டானிக் விற்கச் சொன்ன கதை.

நீங்கள் அறுத்துப் பார்த்தது முட்டையிட்ட அன்றைக்கு இருந்த மஞ்சக்கரு அல்ல, இதுதான் முக்கியம். அடை வைத்த முதல் வாரத்திலேயே வெள்ளைக்கருவிலிருந்து தண்ணீர் இறங்கி மஞ்சக்கரு பெருத்து நீர்த்துப்போகும். ஏழாம் நாள் உடைத்துப் பார்க்கிறவர்கள் கெட்டுப்போனதென்று நினைப்பது இதைத்தான். அதற்குள் இரத்தக் குழாய் ஓடும் ஒரு சவ்வுப் பை மஞ்சக்கருவைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பையின் உட்புறச் செல்கள் மஞ்சக்கருவைத் துளித்துளியாக விழுங்கி, பெரிய புரதங்களை நறுக்கி, தங்களுக்கு வேண்டிய புதுப் புரதமாகக் கட்டி இரத்தத்தில் விடுகின்றன. குஞ்சின் ஈரல் முதிரும்வரை பாதி ஈரல் வேலையை அந்தப் பையே பார்க்கிறது. நறுக்கப்படாமல் முழுசாகக் கடந்துபோவது தாயின் நோய் எதிர்ப்புப் புரதம்; அது கடைசி வாரத்தில்தான் அதிகமாகப் போகும்.

பன்னிரண்டாம் நாளை ஒட்டி இன்னொரு மாற்றம். மிச்சமிருக்கும் வெள்ளைக்கரு, குஞ்சு மிதக்கும் நீருக்குள் வழிந்து சேர்கிறது. குஞ்சு அதை விழுங்குகிறது. ஒரு பகுதி மஞ்சக்கருப் பைக்கும் வந்துவிடுகிறது. வெள்ளைக்கரு வெறும் தீனியல்ல, காவல்காரன். கிருமியின் தோலைக் கரைக்கும் புரதமும், கிருமிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் பிடித்துவைக்கும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. அது இடம் பெயர்ந்தபின் ஓட்டு வழியாக வந்த கிருமிக்கும் மஞ்சக்கருவுக்கும் நடுவே தடுப்பென்று பெரிதாக ஒன்றும் இல்லை. 19, 20ஆம் நாளில் அந்தப் பையை அப்படியே தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு குஞ்சு வெளியே வருகிறது. கிருமியோடு இழுத்தால் கிருமியோடுதான் வரும்.

அந்தக் கிருமியை உள்ளே விட்டது பெரும்பாலும் முட்டை கழுவிய தண்ணீர்தான். முட்டையைவிடக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்தால் உள்ளே சுருங்கி, ஓட்டின் நுண்துளைகள் வழியாக அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓட்டின்மேல் கோழி பூசிவிட்ட மெல்லிய பூச்சும் போய்விடும். எச்சம் ஒட்டிய முட்டையை அடை வைக்காதீர்கள். லேசான தூசியென்றால் உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். சந்தையில் பளபளவென்று கழுவிக் கொடுக்கும் ‘அடை முட்டை’யை வாங்கவே வேண்டாம். எந்தப் பண்ணை, என்றைக்கு இட்டது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஏழாம் நாள் வெளிச்சத்தில் பார்த்துக் கழித்த கூமுட்டையை அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போய்த் தின்கிற முட்டையாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்காமல் புதைத்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர்த் தட்டு. இன்குபேட்டரோடு வரும் காகிதத்தில் எப்போதும் தண்ணீர் நிரப்பு என்று எழுதியிருக்கும். அது வறண்ட ஊருக்கு எழுதியது. நம் கடற்கரைக் காற்றில் கார்த்திகை மழைக்கு அறையில் 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், அதே காற்று பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கும். முதல் 18 நாளுக்கு அது போதும். அதற்கு மேல் தட்டும் நிரம்பியிருந்தால் முட்டையிலிருந்து நீர் போகாது. குஞ்சு ஊதிப்போய், பை பெரிதாகவே இருந்து, தொப்புள் மூடாமல் நிற்கும். பத்து முட்டையை ஒன்றாகச் சமையல் தராசில் நிறுத்தி எழுதி வையுங்கள். 450 கிராம் இருந்தால் 18ஆம் நாள் 396 கிராமை ஒட்டி, அதாவது 12 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 415 நின்றால் தட்டை எடுத்துவிட்டிருக்க வேண்டிய கேஸ். கடைசி மூன்று நாள் மட்டும் தண்ணீர் வைத்து 65 முதல் 70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள்.

பட்டினி போடச் சொன்னது யார் புத்தியோ. வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சக்கருவை வைத்துக் குஞ்சு இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. அட்டைப் பெட்டியில் போட்டு ஊர் ஊராகக் குஞ்சு அனுப்புவது அந்தத் தைரியத்தில்தான். தாக்குப்பிடிப்பது வேறு, நல்லது வேறு. குடல் அசைந்தால்தான் பையிலிருந்து மஞ்சக்கரு வேகமாக இறங்கும். இறகு காய்ந்து எழுந்து நின்றதுமே ஆறவைத்த கொதிநீரும் கம்புக் குருணையும் வையுங்கள்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வயிற்றில் மஞ்சக்கரு இருந்தாலே நோய் என்றாகாது. பொரித்த அன்று 40 கிராம் குஞ்சுக்குள் 5 முதல் 8 கிராம் மஞ்சக்கரு இருக்கத்தான் வேண்டும். முதல் நாளோ இரண்டாம் நாளோ குளிரில் ஒடுங்கி, மிதிபட்டு, தண்ணீரில் விழுந்து செத்த குஞ்சை அறுத்தாலும் மஞ்சக்கரு இருக்கும். அதைக் காட்டி “கரையல பாரு” என்று மருந்து விற்பது பழைய தந்திரம். நல்ல பை மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ, கெட்டியாக, நாற்றமில்லாமல், ஒரு நூல் போன்ற காம்பில் சிறுகுடலோடு ஒட்டியிருக்கும். ஐந்தாம் நாளில் அது பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டும். முதல் நாளிலேயே பழுப்பாக, நீர்த்து, திரிந்த பால் போல் கட்டி கட்டியாக நாறினால் அது நோய். இரண்டாம் நாளில் மஞ்சளாக மணமில்லாமல் இருந்தால் சாவுக்குக் காரணத்தைப் புரூடரில், அதாவது குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் கூண்டில் தேடுங்கள், மஞ்சக்கருவில் தேடாதீர்கள். உங்கள் குஞ்சு ஐந்தாம் நாள், பழுப்பு, நாற்றம், கறுத்த தொப்புள், சந்தேகமே இல்லை.

மிச்சம் 28 குஞ்சுக்கு: வயிறு உப்பியதைத் தனியே பிரித்து வையுங்கள், அவை பெரும்பாலும் பிழைக்காது. மற்றவற்றுக்கு முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 35 டிகிரி சூடு, பிறகு வாரம் 3 டிகிரி குறையுங்கள். ஈரமான உமியைத் தினம் மாற்றுங்கள். ஏழாம் நாள் ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) நோய்க்கான கண் சொட்டு மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஆன்டிபயாடிக், மஞ்சக்கருப் பையில் தேங்கிய சீழைப் போய்ச் சேராது. அதில் கொலிஸ்டின் என்று எழுதியிருந்தால் அது 2019லேயே உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் தடை செய்யப்பட்டது. இன்றைக்கும் யாராவது நீட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

மறுபடி சாவு தொடர்ந்தால் ஆய்வகத்தில் காட்டத்தான் வேண்டும். “சாம்பிள் அனுப்புங்கள்” என்று சொல்வது எளிது. 30 கிராம் குஞ்சுக்காக ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் யார் தருவார் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை. போவதென்றால் வீண்போகாமல் போங்கள். புதுச்சேரி ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியோ, உங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையோ, முதலில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். உயிரோடு தள்ளாடும் இரண்டு குஞ்சு, அன்று காலை செத்தது இரண்டு. செத்ததை இரட்டைப் பையில் கட்டி ஐஸ் துண்டுகளுக்கு நடுவே வையுங்கள். ஃபிரீசரில் உறையவைத்தால் திசு சிதைந்துவிடும். பொரிக்காமல் நின்ற முட்டை நான்கைந்தை உடைக்காமல் கூடவே எடுத்துப்போங்கள்.