கமாவில் கருகும் தோட்டம்: ஆங்கில இலக்கணக் கேள்வி-பதில்

கே: 'தி டிரெயின் லெஃப்ட் மேட்டுப்பாளையம் அட் செவன். இட் ரீச்ட் ஊட்டி அட் நூன்.' இவற்றை 'தி டிரெயின் விச் இட் லெஃப்ட்...' என்று 'விச்' போட்டு இணைத்தேன். ஆசிரியை அடித்துவிட்டார். ஏன்? (குன்னூர் மாணவி)

ப: 'விச் இட் லெஃப்ட்' என்று எழுதினால் அடிக்காமல் என்ன செய்வார்? 'விச்' வந்த இடத்தில் 'இட்'டுக்கு வேலையில்லை. 'தி டிரெயின் விச் லெஃப்ட் மேட்டுப்பாளையம் அட் செவன் ரீச்ட் ஊட்டி அட் நூன்.' தமிழில் 'புறப்பட்ட ரயில்' என்று பெயரெச்சம் முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் பெயரை ஒட்டிப் பின்னால் வரும்.

கே: 'ஹூ', 'விச்', 'தட்' எதை எங்கே போடுவது? (உதகை)

ப: ஆளுக்கு 'ஹூ', மற்றவற்றுக்கு 'விச்', இரண்டுக்கும் 'தட்'. கமாவுக்குப் பின் 'தட்' கூடாது. பாடப்புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேளுங்கள்.

கே: உறைபனி இழப்பீட்டு மனுவில் 'தி புஷஸ், விச் வேர் ஹிட் பை ஃப்ராஸ்ட், டர்ன்ட் பிரவுன்' என்று எழுதினேன். பள்ளத்தில் நின்ற செடிகள் மட்டுமே கருகின. கமா வேண்டாம் என்கிறான் மகன். (தேயிலை விவசாயி, கோத்தகிரி)

ப: மகன் சொல்வதே சரி. பள்ளத்தில் நின்ற செடிகள் மட்டும் கருகியதாக நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டு கமாக்களுக்குள் அடைத்ததும் தோட்டம் முழுவதும் பனியில் கருகியதாக அர்த்தம் மாறிவிடுகிறது. பார்வையிட வரும் அதிகாரி மேட்டில் பச்சையாக நிற்கும் செடிகளைக் காட்டிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கமாவை எடுத்துவிட்டால் பனி பட்ட செடிகளோடு பேச்சு நின்றுவிடும்.

'மூச்சு விடும் இடத்தில் கமா' என்று சொல்லிக்கொடுத்த புண்ணியவான்களால் வந்த வினை இது. பயிற்சி மையக் குறிப்புகளில் கமாவை உப்புத் தூள் மாதிரி தூவி வைத்திருக்கிறார்கள். எதைக் குறிக்கிறோம் என்று பிரித்துக் காட்டும் தொடருக்குக் கமா கிடையாது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும் தொடருக்குக் கமா கட்டாயம். தொட்டபெட்டா ஒன்றுதான்; ஆகவே 'தொட்டபெட்டா, விச் இஸ் அபவுட் 2,600 மீட்டர்ஸ் ஹை,' என்று இருபுறமும் கமா வேண்டும். 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் குன்னூர்' என்று கமா இல்லாமல் எழுதினால் உங்களுக்கு வேறு சகோதரர்களும் உண்டு என்று பொருள். ஒரே தம்பி என்றால் கமா போடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், அந்தக் கமாவுக்குப் பின் 'தட்' கூடாது.

கே: 'தி கன்சர்ன்ட் ஆஃபீசர்', 'தி ஆஃபீசர் கன்சர்ன்ட்' எது சரி? (கூடலூர்)

ப: முன்னது கவலைப்படும் அதிகாரி, பின்னது சம்பந்தப்பட்ட அதிகாரி. மனுவில் யார் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். 'தி மெம்பர்ஸ் பிரசன்ட்' என்றால் கூட்டத்துக்கு வந்தவர்கள். 'தி பிரசன்ட் மெம்பர்ஸ்' என்றால் இப்போதைய உறுப்பினர்கள்.

கே: 'தி லீவ்ஸ் விச் வேர் பிளக்ட் எஸ்டர்டே' என்பதைச் சுருக்கலாமா? (குன்னூர்)

ப: தாராளமாக. 'விச் வேர்' இரண்டையும் சேர்த்து எடுங்கள். 'விச்'சை மட்டும் எடுத்துவிட்டு 'வேர்' வைத்தால் வாக்கியம் குலையும்.

கே: என் வாக்கியம் சரியா? (பெயரில்லை)

ப: வாக்கியத்தை அனுப்புங்கள்.