பட்டை மாட்டிய பிறகு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஐயா,

குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மறுநடவு செய்த செம்பனைக் கன்றுகளை யானைகள் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகின்றன. படிவம் 6 படிக்கும் என் மகள், விலங்குகளின் நடமாட்டத்தை ஆராய்வதுதான் தன் தொழில் என்கிறாள். யானைக்குக் கழுத்துப்பட்டை மாட்டிவிட்டால் மற்றதைச் சாட்டிலைட் பார்த்துக்கொள்ளாதா? அதில் ஒருவர் ஆயுள் முழுக்கச் செய்ய என்ன இருக்கிறது?

ஒரு வாசகி, ஜொகூர்

அன்புள்ள அம்மா,

சாட்டிலைட் பார்த்துக்கொள்ளாது. பட்டையிலுள்ள ஜிபிஎஸ் கருவி, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடும், அவ்வளவுதான். அதைக் கைப்பேசிக் கோபுரம் வழியாகவோ வேறொரு செயற்கைக்கோள் வழியாகவோ அனுப்புவது தனிக் கருவி. இரண்டுக்கும் பேட்டரி செலவாகும். ஆகவே எவ்வளவு நேரத்துக்கு ஒரு புள்ளி, அதாவது ஓர் இடப்பதிவு, என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். மணிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 24, ஆண்டுக்கு 8,760. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கே 288; பேட்டரி வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்த மாதங்களில் தோட்டத்துக்கு வருகிறது என்று அறிய மணிக்கு ஒன்று போதும். சடக்கை எப்படிக் கடக்கிறது என்று அறிய அது போதாது. இரு புள்ளிகளை இணைத்து நாம் போடும் கோடு யானை நடந்த தடமல்ல. யானை சுற்றிப் போன தூரமெல்லாம் அதில் விடுபட்டிருக்கும்.

பட்டை மாட்டுவது கால்நடை மருத்துவரின் பொறுப்பில் நடக்கும். மயக்க ஊசி பட்ட யானை நெஞ்சு தரையில் அழுந்தப் படுத்தால் மூச்சுத் திணறும். உடனே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். பட்டையின் அடியில் தொங்கும் எடைக்கட்டிதான் கருவிப் பெட்டியைப் பிடரிமேல் வானம் பார்க்க நிறுத்துகிறது. வளரும் யானைக்கன்றுக்கு இதை மாட்டக் கூடாது, கழுத்து பருக்கப் பருக்க இறுகிப் புண்ணாகும். சிறிய விலங்குகளில் எடைதான் சிக்கல். உடல் எடையில் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்ப்பது பொது வழக்கம். பறப்பவற்றுக்கு அதைவிடக் குறைவாக வைப்பது நல்லது. ஒரு கிலோ எடையுள்ள பழந்தின்னி வௌவாலுக்கு 50 கிராமே உச்சம்.

எனக்கு இதைவிடக் கவலை தருபவை பதிவாகாத புள்ளிகள். தழை மூடிய காட்டிலும் பள்ளத்திலும் கருவிக்கு வானம் தெரியாது, புள்ளி விடுபடும். வெட்டவெளியான கன்றுத் தோட்டத்தில் ஏறக்குறைய எல்லாம் பதிவாகும். வந்ததை மட்டும் எண்ணினால், யானை தோட்டத்திலேயே குடியிருப்பதாகத் தெரியும். காட்டில் கழித்த பொழுது கணக்கில் வராமல் போயிருக்கும். அந்த எண்ணை வைத்து மின்வேலி எங்கே, விரட்டுவது எப்போது என்று முடிவெடுத்தால் யானைக்கும் கேடு, தோட்டத்து மக்களுக்கும் கேடு. அதனால் மாட்டுவதற்கு முன்பே பட்டையைக் காட்டுக்குள்ளும், முதிர்ந்த செம்பனைக்கு அடியிலும், கன்றுகளுக்கு நடுவிலும் யானையின் கழுத்து உயரத்தில் சில நாள் கட்டிவைக்க வேண்டும். எத்தனை முயற்சிக்கு எத்தனை புள்ளி கிடைத்தது, அவை எத்தனை மீட்டர் தள்ளி விழுந்தன என்று இடவாரியாக அளந்துகொண்டால் பிறகு கணக்கைத் திருத்தலாம். இந்தச் சோதனையைத் தவிர்த்த ஆய்வை நான் நம்பமாட்டேன்.

அதன்பின் பெரும்பகுதி கணினி வேலை. யானையின் ஒவ்வொரு நகர்வுக்கும், அதே இடத்திலிருந்து அது போயிருக்கக்கூடிய பத்திருபது கற்பனை நகர்வுகளை உருவாக்கி, போன இடம் போகாத இடங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று பார்ப்பார்கள். அப்போதுதான் ஓர் இடத்தை யானை நாடுகிறது என்று சொல்ல முடியும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்து ஆய்வாளர்கள் வனவிலங்கு இலாகாவோடு சேர்ந்து செய்த ஆய்வில், காட்டை ஊடறுத்துப் போகும் கிரிக்–ஜெலி நெடுஞ்சாலை யானைகளின் போக்குவரத்தை ஏறக்குறைய 80 விழுக்காடு தடுப்பது தெரிந்தது. கடப்பதும் பெரும்பாலும் இரவில்தான். தீபகற்பத்திலும் போர்னியோவிலும் 102 யானைகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. அவற்றில் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு வெளியேயுள்ள இடங்களையே நாடுகின்றன. வெளிச்சம் விழும் இடத்தில்தானே புல்லும் இளந்தளிரும் மிகுதி! பிடித்துக் கொண்டுபோய்ப் பெருங்காட்டில் விட்டால் தொல்லை தீரும் என்ற பேச்சு இதற்குமேல் நிற்காது.

உங்கள் மகள் விலங்கியலோ பாதுகாப்பு உயிரியலோ எடுக்கட்டும். கூடவே புள்ளியியலை விடாமல் படிக்க வேண்டும். இத்துறையில் தடுமாறுபவர்களில் பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். புள்ளியியலுக்கான ஆர் (R), வரைபடத்துக்கான கியூஜிஐஎஸ் (QGIS) இரண்டு மென்பொருளும் இலவசம். மூவ்பேங்க் (Movebank) இணையத்தளத்தில் ஆய்வாளர்கள் பொதுவில் வைத்திருக்கும் தடப்பதிவு ஒன்றை இறக்கி, முதலில் பதிவாகாத நேரங்களைக் கண்டுபிடிக்கட்டும். பட்டம் முடித்ததும் களப்பணி உதவியாளராகச் சேர்ந்து, பிறகு முதுகலை, முனைவர் ஆய்வு என்று போகலாம். வேலைகள் பெரும்பாலும் மானியக் காலம் வரையிலான ஒப்பந்தங்கள்தான். வீட்டில் எல்லோரும் அதைத் தெரிந்தே சம்மதிப்பது நல்லது.

ஆய்வுக் குழுவில் சேருமுன் அவள் மேற்பார்வையாளரிடம் இரண்டு கேட்க வேண்டும்: பேட்டரி தீர்ந்தபின் பட்டையைக் கழற்றும் ஏற்பாடு என்ன? முடிவுகளைத் தோட்டத்து மக்களிடம் யார், எப்போது சொல்வார்கள்? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறு குழுவைத் தேடட்டும்.